மூட்டுவாதத்துக்குத் தொலைவழிப் பயிற்சி: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை முன்வைத்து

முடக்குவாதத்துக்கோ (ரூமட்டாய்டு மூட்டுவாதம்) முதுகெலும்பு இறுக்கவாதத்துக்கோ மருத்துவர் எழுதித் தரும் சீட்டில், மாத்திரைகளுக்குக் கீழே ‘பிசியோ’ (இயன்முறை உடற்பயிற்சிச் சிகிச்சை) என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். மாத்திரைகள் வாங்கப்படுகின்றன, அந்த வரி சீட்டிலேயே தங்கிவிடுகிறது. நோயாளியின் அலட்சியம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பென்னாகரத்திலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நியாயமில்லை என்பது விளங்கும். வாதநோய் நிபுணரைப் பார்க்கத் தருமபுரிப் பக்கத்தவர்கள் சேலத்துக்கும், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கத்தவர்கள் பெங்களூருக்கும், சிலர் வேலூருக்கும் போகிறார்கள். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். ரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்குமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் துணைக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்வரலாம். உடற்பயிற்சிச் சிகிச்சை கேட்பதோ வாரத்தில் இரண்டு மூன்று நாள், அதுவும் மாதக்கணக்கில். வீங்கிய முழங்காலோடு பேருந்தில் நின்றுகொண்டே போய், அரை மணி நேரம் பயிற்சி செய்து, மறுபடி நின்றுகொண்டே திரும்பும் ஏற்பாடு எந்த நோயாளிக்கும் நான்கு வாரம் தாங்காது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் தொலைவழி உடற்பயிற்சிச் சிகிச்சை பேசப்படுகிறது. ஆனால் அந்தப் பெயரில் பலர் புரிந்துகொள்வது, பயிற்சிக் காணொளி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதையே. பயிற்சியைக் காட்டித் தருவது இந்தச் சிகிச்சையின் மிகச் சிறிய பகுதி. அதற்கு ஒரு படத்தாளே போதும். வாத நோய்கள் ஒரே நிலையில் நிற்பவையல்ல. இந்த வாரம் அடங்கியிருக்கும் மணிக்கட்டு அடுத்த வாரம் கொதிக்கும். ஆகவே பயிற்சியின் அளவை வாரந்தோறும் கூட்டியும் குறைத்தும் திருத்திக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும். தொலைபேசி உண்மையில் பயன்படக்கூடிய இடம் அந்தத் திருத்தம்தான் என்பதும், நோயைக் கண்டறிவது உள்ளிட்ட மற்றவற்றுக்கு அதை நம்பினால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் தவறு நேர வாய்ப்பு அதிகம் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஓய்வும் அசைவும்

வீங்கிய மூட்டை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது என்ற எண்ணம் வீட்டுப் பெரியவர்களிடம் மட்டும் இருந்ததல்ல. ஒரு காலத்தில் மருத்துவமும் அதையே சொன்னது. முடக்குவாத நோயாளிகளை வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருந்ததும் உண்டு. அந்த எண்ணம் மாறியதற்குக் காரணங்கள் தெளிவானவை. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தித் தளரும்போது உள்ளேயிருக்கும் திரவம் வெளியேறிப் புகுவதால்தான் அதற்கு ஊட்டம் கிடைக்கிறது. வலியும் வீக்கமும் உள்ள முழங்காலைச் சுற்றியிருக்கும் தொடைத் தசை நரம்பு வழியாகவே அடக்கப்பட்டு வலுவிழக்கிறது; தசை வலுவிழந்தால் மூட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது; சுமை கூடினால் வலியும் கூடுகிறது. இவற்றுக்கு மேல், முடக்குவாதத்தின் அழற்சி மூட்டுகளோடு நிற்பதில்லை. அது உடல் முழுவதும் தசையைக் கரைக்கிறது, இதய நோய் வரும் வாய்ப்பைப் பிறரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. இந்த இரண்டுக்கும் மருந்தோடு உடலசைவும் தேவை.

கடுமையான பயிற்சி மூட்டை அரித்துவிடுமோ என்ற அச்சத்தை நேராகச் சோதித்தது நெதர்லாந்தில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு. முடக்குவாதம் உள்ள 309 பேரில் ஒரு பகுதியினர், வாரம் இருமுறை 75 நிமிடம் வீதம் இரண்டு ஆண்டுகள் தீவிரப் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய அன்றாடச் செயல்திறன் மேம்பட்டது. பெரிய மூட்டுகளில் பொதுவாகக் கூடுதல் சேதம் தென்படவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே பெரிய மூட்டுகள் வெகுவாகச் சிதைந்திருந்தவர்களிடம் சேதம் சற்றே கூடியதற்கான அறிகுறி இருந்தது. இந்தப் பின்குறிப்பை விட்டுவிட்டு முடிவை மட்டும் சொல்பவர்கள் உண்டு. அது சரியல்ல. யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அதன் பிறகு வழிகாட்டுதல்கள் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. ஐரோப்பிய வாதநோய்க் கூட்டமைப்பின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரை, அழற்சி மூட்டுவாதமும் மூட்டுத் தேய்மானமும் உள்ளவர்களுக்குப் பொதுமக்களுக்கான உடலசைவு அளவுகளே பொருந்தும் என்றது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. அமெரிக்க வாதநோய்க் கல்லூரி முடக்குவாதத்துக்கு மருந்தல்லாத சிகிச்சைகளைப் பற்றி வெளியிட்ட 28 பரிந்துரைகளில், ‘வலுவானது’ என்று குறிக்கப்பட்டது தொடர்ந்து உடற்பயிற்சி செய்வது ஒன்றுதான். முதுகெலும்பு இறுக்கவாதத்தில் இது இன்னும் வெளிப்படை. இளம் வயதில் தொடங்கும் அந்த நோயின் முதுகுவலி ஓய்வெடுத்தால் கூடும், அசைந்தால் குறையும். நோயைக் கண்டறியும் அடையாளங்களில் ஒன்றே அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பு. விடிவதற்குள் எழுந்து வாசல் பெருக்கி, மாட்டைக் கவனித்து, தண்ணீர் சுமந்து, காட்டு வேலைக்கும் போய் வரும் பெண்ணிடம் ‘நீங்கள் உடலை அசைக்க வேண்டும்’ என்றால், ‘நாள் பூரா அசைஞ்சுக்கிட்டுதானே இருக்கேன்’ என்பார். அவர் செய்வது உழைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த உழைப்பின் அளவையும் நேரத்தையும் அவர் தீர்மானிப்பதில்லை, வேலை தீர்மானிக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் புளி தட்டிக் கொட்டை எடுக்கும் வேலையில், விரல் மூட்டுகள் ஒரே பிடியில் மணிக்கணக்கில் இறுகியிருக்கின்றன; மணிக்கட்டோ ஒரே திசையில் அதிர்வு வாங்கிக்கொண்டே இருக்கிறது. கேழ்வரகுக் களி கிண்டும்போது முழு வலுவும் முறுக்கப்பட்ட மணிக்கட்டின் மேல் விழுகிறது. முடக்குவாதம் முதலில் தாக்கும் இடங்களில் மணிக்கட்டும் ஒன்று. இத்தனை வேலைக்குப் பின்னும் தொடையின் முன்தசையும், இடுப்பைத் தாங்கும் பக்கத் தசையும், விரலை விரிக்கும் தசைகளும் போதிய வலுவடைவதில்லை. பயிற்சி என்பது அப்படி விடுபட்ட தசைகளைத் தேடிப்போவது. ஆகையால் இந்தப் பகுதியில் நல்ல பயிற்சித் திட்டம் எதுவும் புதிதாக ஒரு மணி நேரத்தைச் சேர்ப்பதோடு நிற்கக் கூடாது. களிப் பானையை இருவர் பிடித்துக் கிண்டுவது, கைப்பிடியைத் துணி சுற்றித் தடிமனாக்குவது, குடத்தைப் பாதியாக நிரப்பி இருமுறை நடப்பது போன்ற மூட்டுக் காப்பு முறைகளால், இருக்கும் வேலையின் சுமையையும் அது குறைக்க வேண்டும்.

கைகளுக்குத் தனிப் பயிற்சி வீண் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தில் 490 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு பதில் சொல்கிறது. விரல்களையும் மணிக்கட்டையும் நீட்டி மடக்கும், வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளை வீட்டில் செய்து வந்தவர்களின் கைத்திறன், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது ஓராண்டில் ஏறத்தாழ இருமடங்கு முன்னேறியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து பார்த்தபோது, பயிற்சி செய்யும் வழக்கமும் குறைந்தது, குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடும் மங்கியது. நம் விவாதத்துக்கு இந்த இரண்டாவது செய்தியே முக்கியம். பின்தொடர ஆள் இல்லாவிட்டால் நல்ல பயிற்சியும் கைவிடப்பட்டுவிடுகிறது.

முதலில் எந்த நோய் என்று தெரிய வேண்டும்

‘மூட்டுவலி’ என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன; அவை ஒவ்வொன்றுக்கும் பயிற்சி வேறுபடும். காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் ஒரேபோல வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். ஊரில் சரவாங்கி என்பார்கள். எழுந்ததும் அரை மணிக்குள் விறைப்பு தளர்ந்து, நடக்க நடக்க முழங்கால் வலித்தால் அது பெரும்பாலும் தேய்மானம். கால் கட்டைவிரல் மூட்டு ஓர் இரவில் சிவந்து தொட முடியாமல் போனால் யூரிக் அமிலத்தால் வரும் வாதத்தை நினைக்க வேண்டும். இந்த வேறுபாடுகளை ஊகிக்கத் தொலைபேசிப் பேச்சு உதவும். உறுதிப்படுத்த மூட்டைத் தொட்டு அமுக்கிப் பார்க்கும் விரலும் ரத்தப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். தொலைவழிச் சிகிச்சை பற்றி 2022இல் தனிப் பரிந்துரை வெளியிட்ட ஐரோப்பியக் கூட்டமைப்பே, நோய் நிர்ணயம் நேரில்தான் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இதற்கு இன்னொரு அழுத்தமான காரணம் இருக்கிறது. பாறைப் பாங்கான இந்த நிலத்தின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 மில்லிகிராம் வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு. அதற்கு மேற்பட்ட நீரை ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களின் எலும்பில் ஃபுளோரைடு படிந்து எலும்பு இறுகுகிறது; எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்களிலும் சுண்ணாம்பு படிகிறது. தொடக்கத்தில் அது வெறும் மூட்டுவலியாகவும் விறைப்பாகவும் தோன்றும். முற்றினால் முதுகெலும்பு வளையாமல் நின்றுவிடும். கழுத்தைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டியிருக்கும். வெளித்தோற்றத்தில் முதுகெலும்பு இறுக்கவாதத்துக்கும் இதற்கும் வேறுபாடு சொல்வது கடினம். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தால் ஃபுளோரைடு நோய்க்கு அது நல்ல சான்று. சிறுவயதிலேயே அந்த நீரைக் குடித்தவர்களுக்குப் பற்களில் பழுப்புக் கறையும் இருக்கும்.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்கும் நோக்கமும் சேர்ந்திருக்கிறது. காவிரி நீர் வந்த ஊர்களில் வளரும் பிள்ளைகளுக்கு அது பெரிய காப்பு. ஆனால் எலும்பில் ஏற்கெனவே படிந்தது நீரை மாற்றிய உடனே போய்விடுவதில்லை. அன்று முப்பது நாற்பது ஆண்டு அந்த நீரைக் குடித்தவர்கள் இன்றும் இறுகிய முதுகோடுதான் நடக்கிறார்கள். அப்படிப்பட்டவரை இறுக்கவாத நோயாளி என்று எடுத்துக்கொண்டு, முதுகை வளைத்து நீட்டும் பயிற்சிகளைப் பெங்களூரிலிருந்து திரையில் பார்த்தபடி ஒருவர் கட்டாயப்படுத்தினால், வளையாத இடத்தில் வளைவைத் தேடும் வேலையாக அது முடியும். தண்டுவடம் அழுத்தப்பட்டுக் கால்கள் மரத்துப்போயிருப்பதை யாரும் கவனிக்காமலும் போகலாம். எங்கோ எழுதப்பட்ட ஒரு செயலியின் கேள்விப் பட்டியலில் ‘எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடித்தீர்கள்’ என்ற கேள்வி இருக்கப்போவதில்லை. இங்கே அது முதல் கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும்.

திரையின் இருபுறமும் நடப்பது

நேரில் பார்த்து நோய் தெரிந்து மருந்தும் தொடங்கிய பிறகு, தொலைவழிச் சிகிச்சை மூன்று வகையில் நடக்கலாம்: நேரடிக் காணொளி அழைப்பு, வெறும் தொலைபேசிப் பேச்சு, நோயாளி தான் செய்வதைப் படமெடுத்து அனுப்பிப் பிறகு பதில் பெறுவது. காணொளிதான் சிறந்தது என்று எடுத்த எடுப்பில் தோன்றும். சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ தளி, அஞ்செட்டிக் காட்டோரங்களிலோ அலைவரிசை விட்டுவிட்டு வரும்போது, உறைந்து நிற்கும் காணொளியைவிடத் தெளிவாகக் கேட்கும் சாதாரண அழைப்பு எவ்வளவோ மேல். படமெடுத்து வைத்து, சந்தைக்கு இறங்கும் நாளில் அனுப்புவதும் போதுமானதே. பயிற்சியின் அளவைத் திருத்தத் தேவையான செய்திகளில் பெரும்பகுதி வாய்ச்சொல்லிலேயே கிடைத்துவிடுகிறது.

காணொளி கிடைக்கும் இடத்தில் முதல் அமர்வு அளவெடுப்பதற்கு உரியது. சுவரை ஒட்டிப் போட்ட, கையூன்றாமல் எழக்கூடிய நாற்காலியிலிருந்து 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது கால் வலுவைக் காட்டும் எளிய அளவு. பிளாஸ்டிக் நாற்காலியும் ஆகும். ஆனால் சாணம் மெழுகிய தரையிலோ ஓட்டுத் தரையிலோ அது வழுக்காமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே நாற்காலியாக இருக்க வேண்டும். உயரம் மாறினால் எண்ணிக்கைக்குப் பொருளில்லை. இறுக்கவாத நோயாளி குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்க, பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை வீட்டிலிருப்பவர் அளவுகோலால் அளந்து சொல்லலாம். பக்கவாட்டில் கைபேசியை வைத்தால்தான் முழங்கால் விரல்நுனிக்கு முன்னே போகிறதா, முதுகு கூனுகிறதா என்பது தெரியும். சேலைக்குள் முழங்கால் தெரியாது என்ற சிக்கலை எந்தக் கையேடும் எழுதுவதாகத் தெரியவில்லை. சுடிதாரோ தளர்ந்த கால்சட்டையோ அணிந்துகொள்ளச் சொல்வதற்கு எதிர்முனையில் பெண் சிகிச்சையாளர் இருப்பதும், படம் பதிவாகுமா, யார் யார் பார்ப்பார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் இங்கே சிகிச்சையின் பகுதிகளாகவே கொள்ளத்தக்கவை.

கருவிகளுக்குச் செலவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டில் ஒரு கிலோ எடை. அரை பாட்டில் அரைக் கிலோ. நீளவாக்கில் வெட்டிய பழைய சைக்கிள் டியூப் நல்ல இழுவைப் பட்டை. சுருட்டிய துண்டு முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தவும், கையால் பிழியவும் ஆகும். திண்ணையும் வாசற்படியும் ஏறி இறங்கும் பயிற்சிக்கு இருக்கின்றன. வலுப் பயிற்சியை எட்டிலிருந்து பன்னிரண்டு முறை செய்தபின் கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் எடை சரி. பன்னிரண்டும் பேச்சுவாக்கில் முடிந்துவிட்டால் பாட்டிலில் தண்ணீர் கூட வேண்டும். நடைப் பயிற்சியில் வேகத்துக்கு அளவு, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்பதுதான்.

வலிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில்தான் சிகிச்சையாளரின் திறமை இருக்கிறது. வலியே இல்லாமல் பயிற்சி செய்யக் காத்திருந்தால் வாத நோயாளி எந்நாளும் தொடங்க முடியாது. பத்துக்கு எத்தனை என்று வலியை மதிப்பிடச் சொல்லி, ஐந்துக்குள் இருந்தால் தொடரலாம் என்பது பரவலாகக் கையாளப்படும் வரம்பு. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேலும் கூடுதல் வலி நீடித்தால், மறுநாள் அந்த மூட்டு முந்தைய நாளைவிட வீங்கியிருந்தால், அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். அப்போது பயிற்சியை நிறுத்திவிடுவதில்லை. எடையையும் எண்ணிக்கையையும் குறைக்கிறார்கள். மூட்டு கொதிக்கும் நாட்களில் அதை அசைக்காமல் தசையை மட்டும் இறுக்கித் தளர்த்துவதும், வலிக்காத எல்லைக்குள் ஒருமுறை முழுதாக மடக்கி நீட்டுவதும் போதும். கொதிப்பு அடங்கியதும் பழைய அளவுக்கு ஒரேயடியாகத் தாவாமல் படிப்படியாக ஏற வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தனியாக நிர்வகிக்க முடியாமல்தான் பெரும்பாலோர் இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சு அங்கே பெரிய வேலை செய்கிறது.

இந்த வலிக் கணக்கை ஏமாற்றக்கூடிய ஒன்று உண்டு. மருந்துக் கடையில் சொல்லி வாங்கிப் போட்டுக்கொள்ளும் வலி மாத்திரை வலியை மறைத்துவிடும். அதில் ஸ்டீராய்டும் கலந்திருந்தால் வீக்கத்தையும் மறைக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் ‘இந்த வாரம் வேறு என்ன மாத்திரை போட்டீர்கள்’ என்று கேட்காமல் வலியின் எண்ணை மட்டும் எழுதிக்கொள்வது பயனற்றது. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்து. அதை எடுத்த மறுநாள் சிலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். வலுப் பயிற்சியை அந்த நாளிலிருந்து தள்ளி வைத்தால், ‘பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற தவறான முடிவைத் தவிர்க்கலாம். நேரமும் அப்படித்தான். விறைப்பு மிகுந்த விடியற்காலையைவிட, வெந்நீரில் குளித்து உடல் தளர்ந்த முற்பகலோ மாலையோ பொருத்தம். லூபஸ் என்ற அழற்சி நோய் உள்ளவர்கள் வெயில் ஏறுமுன் நடையை முடித்துக்கொள்ள வேண்டும்; வெயில் பட்டால் அந்த நோய் தூண்டப்படும்.

ஆய்வுகள் தரும் நம்பிக்கையும் அதன் எல்லையும்

தொலைவழிப் பயிற்சி நேர்ச் சிகிச்சைக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை முழங்கால் வலியில் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 394 பேரிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், மூன்று மாதத்தில் ஐந்து முறை காணொளியில் சிகிச்சையாளரைச் சந்தித்தவர்களின் வலியும் செயல்திறனும், அதே ஐந்து முறை நேரில் சந்தித்தவர்களைவிடக் குறைந்துவிடவில்லை. அதே நாட்டில் 2017இல் வெளியான இன்னொரு ஆய்வில், ஐம்பது வயதைக் கடந்த 148 பேரில் ஸ்கைப் வழியாக ஏழு முறை பயிற்சி ஆலோசனையும் இணையவழி வலி மேலாண்மைப் பாடங்களும் பெற்றவர்கள், வெறும் தகவல் பக்கங்களைப் படித்தவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இரண்டிலும் திரையின் மறுபுறம் ஒரு மனிதர் இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

முடக்குவாதத்துக்கும் இறுக்கவாதத்துக்கும் கிடைக்கும் சான்றுகள் இவ்வளவு பெரியவையல்ல. தேய்மானத்தில் கிடைத்த முடிவை அழற்சி நோய்களுக்கு அப்படியே நீட்டுவது அவசரம். மேலும் இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் தனித்தனிக் கைபேசியும் நிலையான இணையமும் படிப்பும் உள்ளவர்கள். அதனால் இவற்றின் முடிவு இங்கே செல்லாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இங்கே வேலை செய்ய வைக்க வேறு சில ஏற்பாடுகள் தேவைப்படும்.

அழைப்பை முடித்துவிட்டு நேரில் புறப்பட வேண்டிய நேரங்கள்

தொலைவழிச் சிகிச்சை தரும் எவரும் முதல் நாளே நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லி வைக்க வேண்டிய எச்சரிக்கைகள் சில உண்டு. காய்ச்சலோடு ஒரே ஒரு மூட்டு சூடாக வீங்கினால், அதுவும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கு, அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெடுநாள் முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிணைப்பு தளர்ந்துபோவது உண்டு. பின்தலை வலி, கைகளில் மதமதப்பு, நடையில் தள்ளாட்டம் ஆகியவை தென்பட்டால் கழுத்துப் பயிற்சி எதுவும் செய்யக் கூடாது. இறுகிப்போன முதுகெலும்பு சிறு விழுதலிலும் முறியும். ஆகவே இறுக்கவாத நோயாளி வழுக்கி விழுந்தபின் புதிதாக வலி வந்தால் அதைப் பழைய வலி என்று ஒதுக்கக் கூடாது. கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சில் இறுக்கம், நீண்டநாள் ஸ்டீராய்டு எடுத்தவருக்குத் திடீரென வரும் இடுப்புமூட்டு வலி ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும். சமநிலை தவறக்கூடிய பயிற்சிகளை வீட்டில் ஆளில்லாத நேரத்தில் செய்யவே கூடாது.

சாமனப்பள்ளியில் தொடங்கியது

இந்த இரண்டு மாவட்டங்களிலும் தேவையான ஏற்பாட்டில் பாதி ஏற்கெனவே இருக்கிறது என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதற்காக அது அதிகம் அறியப்பட்டாலும், வீட்டில் முடங்கியிருப்போருக்கு இயன்முறைச் சிகிச்சையும் அதன் பகுதி. வட்டார அளவில் இயன்முறைச் சிகிச்சையாளர்களும், ஊர் அளவில் வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்களும் அதில் உண்டு. தருமபுரியில் 2008 முதலும் கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. மருத்துவர்கள் தொலைவழியில் ஆலோசனை தருவதற்கான வழிகாட்டுதல் 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு இ-சஞ்சீவனி என்ற அரசு இணையத் தளமும் இருக்கிறது.

இல்லாதது இவற்றுக்கு இடையிலான இணைப்பு. நகரத்து நிபுணர் எழுதும் ‘பிசியோ’ என்ற வரி வட்டாரச் சிகிச்சையாளரைச் சென்றடைய வழியில்லை. வட்டாரச் சிகிச்சையாளர் வீட்டில் பார்த்தது நிபுணருக்குத் தெரிய வழியில்லை. வட்டாரம் முழுவதற்குமான சிகிச்சையாளரால் ஒவ்வொரு வாத நோயாளியையும் வாரம் இருமுறை நேரில் பார்க்கவும் முடியாது, பக்கவாதத்தால் படுத்திருப்பவருக்கே அவர் நேரம் முதலில் போகும். மாதம் ஒருமுறை அவர் நேரில் வந்து அளவெடுத்து, இடைப்பட்ட வாரங்களில் தொலைபேசியில் திருத்துவது நடக்கக்கூடியது. கைபேசி இல்லாத வீட்டில் தன்னார்வலரின் கைபேசி அதற்கு உதவும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் சுமார் 54 விழுக்காடு. அந்த ஆய்வு கேட்டது 15 முதல் 49 வயதுப் பெண்களை. முழங்கால் தேய்மானம் மிகுதியாகத் தொடங்குவதோ அந்த வயதுக்குப் பிறகு. மகனின் கைபேசி ஓசூர் சிப்காட்டில் வேலைநேரம் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் என்றால், அழைப்பு நேரம் எட்டரைக்குத்தான் இருக்க முடியும்.

மொழியும் பருவமும் இதே வகையைச் சேர்ந்த நடைமுறைக் கேள்விகள். தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கங்களில் வீட்டுப் பேச்சு தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கும். தமிழில் பதிவுசெய்த குரல் வழிகாட்டுதலை மரியாதைக்காகக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார்கள். மாங்காய் அறுவடை நடக்கும் வாரங்களிலும் புளி உலுக்கும் மாதங்களிலும் யாரும் பயிற்சி செய்யப்போவதில்லை என்பதை முன்பே ஒப்புக்கொண்டு, அந்தக் காலத்துக்கு வேலைக்கிடையே இரண்டு மணிக்கொருமுறை விரல்களை விரித்து மடக்குவது, இரவில் பத்து முறை நாற்காலியிலிருந்து எழுவது என்று குறைந்த அளவை எழுதித் தந்துவிட வேண்டும். அறுவடை முடிந்த முதல் வாரத்தில் வட்டாரச் சிகிச்சையாளர் நேரில் வந்து, அதே நாற்காலியில், அதே 30 நொடிக் கணக்கை மறுபடி எடுத்து, அங்கிருந்து பாட்டிலில் தண்ணீரைக் கூட்டத் தொடங்கலாம்.